அடுத்த ஆள் வந்ததும் தருகிறேன்



சில ஆண்டுகளுக்கு முன், குன்னூரில் குடியிருந்த வாடகை வீட்டை நாங்கள் காலி செய்தோம். மே மாதத்தின் கடைசி நாள். மின்கட்டண ரசீதையும் சாவியையும் வீட்டுக்காரரின் கையில் ஒப்படைத்துவிட்டு, நான்கு ஆண்டுகளுக்கு முன் கொடுத்திருந்த அட்வான்ஸ் தொகையான ஐம்பதாயிரம் ரூபாயைக் கேட்டேன். "அடுத்த ஆள் வரட்டும் தம்பி, வாங்கித் தந்துவிடுகிறேன்" என்றார்.

ஆகஸ்டில் அடுத்த ஆள் வந்தார். பணம் வரவில்லை. "சுவரெல்லாம் பூசணம் பிடித்துக் கிடந்தது, வெள்ளையடிக்கவே பன்னிரண்டாயிரம் ஆகிவிட்டது" என்ற கணக்குத்தான் வந்தது. எஞ்சிய தொகை மூன்று தவணைகளில் கிடைத்தது. கடைசித் தவணை கைக்கு வந்தபோது அடுத்த ரமளான் பிறந்திருந்தது. அதற்குள் புதிய வீட்டின் அட்வான்ஸுக்காக என் மனைவியின் வளையல்கள் அடகுக் கடைக்குப் போயிருந்தன. வட்டி ஹராம் என்பதை அறிந்தே அந்தச் சீட்டில் கையெழுத்திட்டேன். அந்தப் பாவத்திற்கு நானே பொறுப்பு. அல்லாஹ்விடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஆயினும், ஒரு முஸ்லிம் குடும்பத்தை வட்டிக் கடையின் வாசல்வரை தள்ளிய கை யாருடையது என்ற கேள்வியையும் என்னால் விழுங்கிவிட முடியவில்லை.

அவர் யார் என்பதைச் சொல்லமாட்டேன். புறம் பேசுவது என் நோக்கமன்று. அவர் கெட்ட மனிதரும் அல்லர். ஐவேளையும் ஜமாஅத்துடன் தொழுபவர். ஸகாத்தைக் கணக்கிட்டுக் கொடுப்பவர். தராசில் ஒரு குன்றிமணி குறைத்து நிறுத்தாதவர். அத்தகைய ஒருவரே, பிறர் பணத்தை ஓராண்டுக் காலம் கையில் வைத்திருந்து, அதைத் தவறென்றே உணராமல் இருந்தார் என்பதுதான் இக்கட்டுரையை எழுதத் தூண்டியது. ஏனெனில் இது ஒருவரின் குற்றமன்று. வாடகைக்கு வீடு விடும் நம்மவர்களில் பலரிடம் வழக்கமாகவே ஊறிப்போன குற்றம்.

மலையில் இதன் வலி அதிகம்

சமவெளியில் இருப்போருக்கு ஒரு விளக்கம் தேவைப்படலாம். நீலகிரியில் நிலமும் குறைவு, கட்டடம் கட்டுவதற்கான கட்டுப்பாடுகளும் கடுமை. ஆகவே வாடகை வீடு கிடைப்பது அரிது. ஏப்ரல், மே சீசன் வந்துவிட்டால், மாத வாடகைக்கு விடும் வீட்டைச் சுற்றுலாப் பயணிகளுக்கு நாள் வாடகைக்கு விட்டால் எவ்வளவு கிடைக்கும் என்ற கணக்கு வீட்டுக்காரரின் மனத்தில் ஓடத் தொடங்கிவிடும். குடியிருப்பவருக்கோ, கேட்கும் அட்வான்ஸைக் கொடுத்து, சொல்லும் நிபந்தனைக்குத் தலையசைப்பதைத் தவிர வேறு வழியில்லை.

இன்னொன்று ஈரம். தென்மேற்குப் பருவமழை கூடலூரையும் பந்தலூரையும் உதகையையும் நனைக்கிறது. வடகிழக்குப் பருவமழை குன்னூரையும் கோத்தகிரியையும் நனைக்கிறது. மழை ஓய்ந்த நாட்களிலும் பனிமூட்டம் சுவரை விட்டபாடில்லை. இங்கே சுவரில் பூசணம் படர்வதற்குக் குடியிருப்பவர் எதுவும் செய்ய வேண்டியதில்லை. அந்தச் சுவரின் கறையைக் காட்டி ஒருவரின் அட்வான்ஸில் கைவைப்பது, மலையின் மழைக்குக் குடியிருப்பவரிடம் அபராதம் வசூலிப்பதற்கு ஒப்பாகும்.

தேயிலைத் தோட்டத் தொழிலாளியை நினைத்துப் பாருங்கள். பணிக்காலம் முழுவதும் தோட்டத்து லைன் வீட்டில் வாழ்ந்தவர், ஓய்வு பெற்றதும் அதைக் காலி செய்துவிட்டு நகரத்தில் முதன்முறையாக வாடகை வீடு தேடுகிறார். பணிக்கொடையிலிருந்தும் வருங்கால வைப்பு நிதியிலிருந்தும் கிடைத்த பணத்தின் ஒரு பகுதி அட்வான்ஸாகப் போகிறது. பெரும்பாலும் அதுவே அவர் வாழ்நாளில் சேர்த்த ஒரே மொத்தத் தொகை. அதை 'அடுத்த ஆள் வரட்டும்' என்று சொல்லி நிறுத்தி வைப்பது எத்தகைய செயல்?

இது யாருடைய பணம்?

அட்வான்ஸ் என்பது வாடகையன்று. வீட்டின் விலையின் ஒரு பகுதியுமன்று. குடியிருப்பவர் வெளியேறும்போது திரும்பப் பெறவேண்டிய பணம். அமானிதங்களை உரியவர்களிடம் ஒப்படைக்குமாறு அல்குர்ஆன் (4:58) கட்டளையிடுகிறது. தம்மைக் கொல்லத் திட்டமிட்ட மக்காவாசிகளின் பொருட்களைக்கூட உரியவர்களிடம் சேர்ப்பிப்பதற்காக, ஹிஜ்ரத்தின்போது அலீ (ரலி) அவர்களை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மக்காவிலேயே விட்டுச் சென்றார்கள் என்பதை நம் பிள்ளைகள் மதரஸாவில் படிக்கிறார்கள். பகைவரின் பொருளுக்கே அந்த மரியாதை என்றால், ஒரே ஸஃப்பில் தோளோடு தோள் நின்று தொழுபவரின் பணத்திற்கு?

ஆனால் உண்மை நிலை இதைவிடக் கடுமையானது. அமானிதமாகக் கொடுக்கப்பட்ட பொருள் அப்படியே பாதுகாத்து வைக்கப்பட வேண்டும். நம் வீட்டுக்காரர்களில் எத்தனை பேர் அட்வான்ஸை அப்படி வைத்திருக்கிறார்கள்? மாடிக்குத் தளம் போடவும், மகளின் திருமணத்திற்கும், கடைக்குச் சரக்கு வாங்கவும் அது செலவாகிவிடுகிறது. செலவழிக்கப்பட்ட அந்தக் கணமே அது கடனாகிவிடுகிறது. கடன் என்றால் முழுப் பொறுப்பும் வாங்கியவருடையது.

இந்த வேறுபாட்டை நன்கு அறிந்திருந்தவர் ஸுபைர் இப்னுல் அவ்வாம் (ரலி). புகாரியில் இடம்பெறும் நீண்ட செய்தி இது. மக்கள் தம் பணத்தை அவரிடம் பாதுகாப்பாக வைக்கக் கொண்டுவரும்போது, அதை அமானிதமாக ஏற்காமல் கடனாகவே ஏற்பார். அமானிதமாக இருந்து தொலைந்துபோனால் கொடுத்தவருக்கு இழப்பு நேருமே என்ற அச்சம்தான் காரணம். அவ்வாறு அவர் மீது சேர்ந்த கடன் 22 இலட்சம். மறுபுறம் மதீனாவில் பதினொரு வீடுகள், பஸ்ராவில் இரண்டு, கூஃபாவில் ஒன்று, எகிப்தில் ஒன்று என்று வீடுகளும், அல்ஃகாபா உள்ளிட்ட நிலங்களும் அவரிடம் இருந்தன. அவர் ஷஹீதான பின், மகன் அப்துல்லாஹ் (ரலி) நிலத்தை விற்றுக் கடன்களை அடைத்தார். வாரிசுகள் சொத்தைப் பங்கிடக் கேட்டபோதும் இணங்கவில்லை. நான்கு ஆண்டுகள் ஹஜ் காலத்தில், தம் தந்தையிடம் கடன் பாக்கி உள்ளோர் வந்து பெற்றுக்கொள்ளுமாறு அறிவித்த பிறகே பங்கீடு நடந்தது.

பதினைந்து வீடுகளின் உரிமையாளருடைய குடும்பம் கடன் கொடுத்தவர்களைத் தேடிப் போனது. ஒற்றை மாடி வீட்டின் உரிமையாளர்களான நம்மைத் தேடிக் கடன் கொடுத்தவர் பத்து முறை நடக்கிறார்.

வசதியுள்ளவர் கடனைத் தள்ளிப்போடுவது அநியாயம் என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்திருப்பது புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. மூன்று தீனார் கடனுடன் இறந்தவரின் ஜனாஸாவுக்குத் தாம் தொழவைக்காமல் விலகி நின்றதும், அபூ கதாதா (ரலி) அக்கடனைப் பொறுப்பேற்ற பிறகே தொழவைத்ததும் நாம் அறிந்ததே. மூன்று தீனாருக்கே அந்த நிலை!

சாக்குகளும் பதில்களும்

"பணம் செலவாகிவிட்டது, அடுத்த ஆள் கொடுத்தால்தானே தரமுடியும்?" என்கிறார்கள். அடுத்த ஆள் வருவதும் வராததும் வீட்டுக்காரரின் வியாபாரம். அந்த வியாபாரத்தின் இலாபத்தில் பங்கில்லாத பழைய குடித்தனக்காரர், அதன் தாமதத்தை மட்டும் ஏன் சுமக்க வேண்டும்? உண்மையிலேயே கையில் இல்லாதவருக்கு அவகாசம் உண்டு. அல்குர்ஆன் (2:280) அதை வழங்குகிறது. அது சிரமத்தில் இருப்பவருக்கான சலுகை. காலியான வீட்டையும் மாடிக் கடையின் வாடகையையும் வைத்திருப்பவர் அதில் ஒதுங்கமுடியாது.

"வெள்ளையடிக்க ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வது ஊர் வழக்கம்" என்பது இரண்டாவது. குடியேறும்போதே சொல்லி, இருவரும் ஒப்புக்கொண்டிருந்தால் அந்த ஒப்பந்தத்தை நிறைவேற்றுவது குடியிருந்தவரின் கடமை. சொல்லாமல் விட்டு, சாவி கைக்கு வந்தபின் அறிவிப்பது வழக்கமன்று. வலியவன் எழுதும் கணக்கு. குடியிருந்தவர் கதவை உடைத்திருந்தால், கீசரைக் கெடுத்திருந்தால், அதன் செலவைக் கேட்பது நியாயம். ஆனால் உரிமை கோருபவரே ஆதாரம் காட்டவேண்டும் என்பது நம் மார்க்கச் சட்டத்தின் அரிச்சுவடி. ரசீது எங்கே? அல்குர்ஆனின் மிக நீண்ட வசனமே (2:282) கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளுமாறு சொல்லும் வசனம்தான். நாமோ அட்வான்ஸைத் துண்டுச் சீட்டில்கூடக் குறிப்பதில்லை. "நம்ம ஆள்தானே" என்கிறோம்.

அளந்து வாங்கும்போது நிறைவாக வாங்கி, கொடுக்கும்போது குறைத்துக் கொடுப்போருக்குக் கேடு என எச்சரிக்கும் 83ஆவது அத்தியாயம் தராசுக்கு மட்டும் உரியதன்று. மாதம் ஐந்தாம் தேதி தாண்டினால் வாடகைக்குக் கதவைத் தட்டுபவர், அட்வான்ஸைத் தருவதற்கு எட்டு மாதம் எடுத்துக்கொண்டால், அவர் எந்தப் பட்டியலில் சேர்வார்?

நாட்டின் சட்டமும் இதையே சொல்கிறது. 2017ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த, நில உரிமையாளர்கள், வாடகைதாரர்களின் உரிமைகள், பொறுப்புகள் பற்றிய தமிழ்நாட்டுச் சட்டம், வாடகை ஒப்பந்தத்தை எழுத்தில் செய்து வாடகை அதிகாரியிடம் பதியச் சொல்கிறது. அட்வான்ஸ் பொதுவாக மூன்று மாத வாடகைக்கு மேற்படலாகாது. காலி செய்த ஒரு மாதத்திற்குள், நியாயமான பாக்கியைக் கழித்துக்கொண்டு திருப்பித் தரவேண்டும். எழுத்தில் வேறு உடன்பாடு இல்லாவிடில், சுவருக்கு வெள்ளையடிப்பதும் கதவு, சன்னல்களுக்கு வண்ணம் பூசுவதும் வீட்டு உரிமையாளரின் பொறுப்பு. 2021இல் மத்திய அரசு வெளியிட்ட மாதிரி வாடகைச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே சென்று, வீட்டை ஒப்படைக்கும் அன்றே பணத்தைத் தரவேண்டும் என்கிறது. இங்கிலாந்திலோ 2007 ஏப்ரல் முதல் இந்தத் தொகையை, அரசு அங்கீகரித்த பாதுகாப்புத் திட்டம் ஒன்றின்கீழ் உரிமையாளர் கொண்டுவந்தாக வேண்டும். தவறினால் அத்தொகையின் மூன்று மடங்குவரை செலுத்த நேரும். மறுமை விசாரணையை அடிப்படையாகக் கொள்ளாத சட்டங்கள் இவ்வளவு கண்டிப்பாக இருக்கும்போது, மஹ்ஷரை நம்பும் நாம் ஏன் இவ்வளவு தாராளமாக இருக்கிறோம்?

குடியிருப்போருக்கும் ஒரு சொல்

நியாயம் இருபுறமும் பேசவேண்டும். கடைசி மூன்று மாத வாடகையைத் தராமல், "அட்வான்ஸில் கழித்துக்கொள்ளுங்கள்" என்று தாமாகவே முடிவு செய்வது ஒப்பந்த மீறல். மின்கட்டணப் பாக்கியை மறைத்துச் செல்வதும், உடைந்த கண்ணாடியைத் திரைச்சீலையால் மூடிவிட்டுச் சாவி கொடுப்பதும் மோசடி. குடியேறும் நாளில் சுவர்களையும் குழாய்களையும் இருவரும் சேர்ந்து பார்த்து, கைப்பேசியில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். காலி செய்யும் நாளிலும் அதையே செய்யுங்கள். பணத்தை வங்கி வழியாகக் கொடுங்கள். இது சந்தேகமன்று; எழுதிக்கொள்ளச் சொன்ன இறைவனின் கட்டளைக்குப் பணிதல்.

ஜமாஅத் என்ன செய்யலாம்?

திருமணத் தகராறுக்கும் பாகப்பிரிவினைக்கும் நம் மஹல்லா ஜமாஅத்துகள் பஞ்சாயத்து பேசுகின்றன. அட்வான்ஸ் பாக்கி வந்தால் மட்டும், "அது உங்கள் இருவருக்குள்ள விஷயம்" என்று ஒதுங்குகின்றன. நிர்வாகத்தில் வீட்டுக்காரர்கள் அமர்ந்திருப்பதும் குடியிருப்போர் கடைசி வரிசையில் நிற்பதும் இதற்குக் காரணமாக இருக்கலாகாது. ஒரு ஜும்ஆ குத்பா இதற்கென ஒதுக்கப்படட்டும். பள்ளிவாசலுக்குச் சொந்தமான வீடுகளும் கடைகளும் இருக்குமிடத்தில், சாவி வாங்கும் அன்றே அட்வான்ஸைத் திருப்பித் தரும் முன்மாதிரியை நிர்வாகமே தொடங்கட்டும்.

வீடு வைத்திருக்கும் சகோதரரே! உங்களிடம் எத்தனை பேரின் அட்வான்ஸ் இருக்கிறது என்று இன்றிரவு ஒரு தாளில் எழுதுங்கள். முடிந்தால் அத்தொகையைத் தனிக் கணக்கில் போடுங்கள். முடியாவிட்டால், அது கடன் என்று வஸிய்யத்தில் குறித்து வையுங்கள். கடனை அடைத்த பின்னரே வாரிசுப் பங்கீடு என்பது அல்குர்ஆனின் (4:11, 12) சட்டம். நீங்கள் எழுதாமல் போனால், உங்கள் பிள்ளைகள் வீட்டைப் பங்கிட்டுக்கொள்வார்கள்; யாரோ ஒருவரின் ஐம்பதாயிரம் உங்கள் கழுத்திலேயே தொங்கும். அங்கே அடுத்த ஆள் வந்து தரமாட்டார். தருவதற்கு உங்கள் நன்மைகள் மட்டுமே இருக்கும்.

பிறர் உரிமையைச் சுமந்த நிலையில் தன்னைச் சந்திக்கும் இழிவிலிருந்து வல்ல அல்லாஹ் நம் அனைவரையும் காப்பானாக! ஆமீன்.