தூசிப் பையை மாற்றுவது யார் கையில்?

சிமெண்ட் ஆலையில் முப்பத்தோரு வருடம் மெக்கானிக்கல் மெயின்டனன்ஸில் இருந்தேன். அதில் பாதிக்கு மேல் தூசிப் பைகளோடுதான் போனது. அந்த உரிமையில் ஒன்று சொல்கிறேன். ஃபில்டர் பையை எப்போது மாற்றுவது என்பதை பர்ச்சேஸ் டிபார்ட்மென்ட் முடிவு செய்யக் கூடாது. மீட்டரைப் பார்க்கிறவர் முடிவு செய்ய வேண்டும்.

பேக் ஃபில்டரைப் பார்த்திராதவர்களுக்காக: அது ஒரு பெரிய இரும்புப் பெட்டி. உள்ளே கம்பிக் கூண்டின் மேல் மாட்டிய நீளமான துணிப் பைகள் வரிசையாகத் தொங்கும். ஃபேன் காற்றை இழுக்கும்போது தூசி பையின் வெளிப்பக்கம் ஒட்டிக்கொள்ளும், சுத்தமான காற்று உள்ளே புகுந்து மேலே போய்விடும். அவ்வப்போது ஐந்தாறு கிலோ அழுத்தத்தில் மேலிருந்து காற்று 'டப்' என்று அடிக்கும். பை உதறிக்கொள்ளும், தூசி கீழே ஹாப்பரில் விழும்.

பெட்டியின் பக்கத்தில் ஒரு மானோமீட்டர் இருக்கும். பைக்கு முன்னாலும் பின்னாலும் உள்ள அழுத்த வித்தியாசத்தை அது காட்டும். சாதாரணமாக 100 முதல் 150 மில்லிமீட்டர் நீர் அளவுக்குள் இருக்கும். அதற்கு மேலே ஏறிப்போய், எவ்வளவு உதறியும் இறங்காவிட்டால் பை அடைத்துவிட்டது. திடீரென்று இறங்கினால் பலர் சந்தோஷப்படுவார்கள். அது பை கிழிந்ததற்கும் அறிகுறி.

இன்னொன்று. பையைப் பிடிக்கிற அளவுக்கு, அதன் மேல் படிந்த மெல்லிய தூசிப் படலமும் தூசியைப் பிடிக்கிறது. அதனால் பளிச்சென்று இருக்கட்டும் என்று அடிக்கடி உதறுவது பையின் ஆயுளைத்தான் குறைக்கும். காற்றுக் குழாயில் ஈரம் இருந்தால் அந்தத் தூசி சேறாகி இறுகிவிடும். ஷிஃப்டுக்கு ஒருமுறை டிரெயின் வால்வைத் திறந்து தண்ணீரை வெளியேற்ற இரண்டு நிமிடம் போதும். அந்த இரண்டு நிமிடத்தை மிச்சம் பிடித்து, பையை முன்கூட்டியே சாகடித்த இடங்களைப் பார்த்திருக்கிறேன்.

மிச்சம் பிடிப்பதில் பல வகை உண்டு. கிழிந்த ஒரு பையை மட்டும் மாற்றினால் போதும் என்பது ஒன்று. அவசரத்துக்கு அது சரி. ஆனால் சுற்றியுள்ளவை எல்லாம் பழசாக இருக்கும்போது காற்று சுலபமாகப் போகிற புதுப் பையைத் தேடித்தான் ஓடும், அதுவும் சீக்கிரம் தேய்ந்துவிடும். பழைய கூண்டில் துருவும் வளைவும் இருப்பது தெரிந்தே புதுப் பையை மாட்டுவது இன்னொன்று. சூடு என்னவென்று கேட்காமல் குறைந்த விலைத் துணியை வாங்குவது மூன்றாவது. சாதாரண பாலியஸ்டர் 130 டிகிரிக்கு மேல் தொடர்ந்து தாங்காது.

"இன்னும் ஆறு மாசம் ஓட்டிடலாமே சார்" என்று கேட்பவர்கள் கெட்டவர்கள் இல்லை. ஒரு செட் பைக்குப் பெரிய தொகை ஆகும், ஆலையை நிறுத்தினால் உற்பத்தி போகும். அது உண்மை. ஆனால் தள்ளிப்போட்டால் செலவு எங்கும் போய்விடாது, வேறொருவர் தலையில் விழுகிறது. ஏ.சி. அறையில் கையெழுத்துப் போடுகிறவர் மூச்சில் அந்தத் தூசி போவதில்லை. ஹாப்பருக்குக் கீழே கூட்டிப் பெருக்கும் ஒப்பந்தத் தொழிலாளியின் மூச்சில் போகிறது. கண்ணுக்குத் தெரியும் தூசியை மூக்கு ஓரளவு தடுத்துவிடும். கண்ணுக்குத் தெரியாததுதான் நுரையீரலின் அடிவரை இறங்கும்.

1948-ம் வருடத்துத் தொழிற்சாலைச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில், அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோய்களில் கல் தூசியால் வரும் சிலிகோசிஸும் பஞ்சுத் தூசியால் வரும் பிசினோசிஸும் இருந்தன. சிலிகோசிஸ் வந்தபின் குணப்படுத்த வழியில்லை. பையை மாற்றலாம், நுரையீரலை மாற்றுவது நம்மைப் போன்றவர்களால் ஆகிற காரியமா?

என் யோசனை எளிது. மானோமீட்டர் அளவை ஷிஃப்டுதோறும் நோட்டில் எழுத வேண்டும். இத்தனைக்கு மேல் போனால் மாற்றியே ஆக வேண்டும் என்று முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும். ஒரு செட் பை எப்போதும் ஸ்டோரில் இருக்க வேண்டும்.

உங்கள் பிள்ளையோ மருமகனோ ஆலையில் வேலை பார்த்தால் ஒரு கேள்வி கேளுங்கள்: "அந்த மானோமீட்டர் குழாயில் தண்ணீர் இருக்கிறதா, இல்லை காய்ந்து கிடக்கிறதா?" அந்த பதிலிலேயே அங்கே பராமரிப்பு எப்படி நடக்கிறது என்று தெரிந்துவிடும்.