எழும்பூர் திமிங்கலமும் குமாரலிங்கபுரம் கரிசலும்: இயற்கை அருங்காட்சியகம் எதுக்கு?

விருதுநகர் மாவட்டம் குமாரலிங்கபுரத்தில் 1,052 ஏக்கரில் பி.எம். மித்ரா ஜவுளிப் பூங்கா அமையும் என 2023-ல் அறிவிப்பு வந்தது. வேலை கிடைக்குமா, தண்ணீர் எங்கிருந்து வரும் என்பதுதான் எல்லோரும் கேட்கும் கேள்வி. நியாயம்தான். ஆனால், இன்னொரு கேள்வியும் இருக்கு. 100 வருஷம் கழித்து, 'இந்த மண்ணுல என்னென்ன செடி, பூச்சி, பறவை இருந்துச்சு?' என்று யாராவது கேட்டால் எங்கே போய்ப் பார்ப்பது?

பதில் வைத்திருக்க வேண்டிய இடம் இயற்கை அருங்காட்சியகம். தமிழ்நாட்டில் அதன் கதை சென்னையில் தொடங்குகிறது.

கல்லில் இருந்து புலி வரை

1851-ல் டாக்டர் எட்வர்டு பால்ஃபர் பொறுப்பில் சென்னை அருங்காட்சியகம் தொடங்கியபோது, கையில் இருந்தது சுமார் 1,100 கல், கனிம மாதிரிகள்தான். நுங்கம்பாக்கம் கல்லூரி சாலையில் இடம் போதவில்லை. 1854-ல் எழும்பூரின் 'பாந்தியன்' மாளிகைக்கு மாறியது. ஆங்கிலேயர்கள் விருந்தும் நடனமும் நடத்திய இடம் அது. பாந்தியன் சாலை என்ற பெயர் அதிலிருந்து வந்ததுதான்.

அடுத்து, அதே வளாகத்தில் பால்ஃபர் புலி, சிறுத்தையை உயிரோடு வைத்துக் காட்டினார். கூட்டம் குவிந்தது. அந்த விலங்குகள் பிறகு பீப்பிள்ஸ் பார்க்குக்குப் போயின. 1985-ல் திறந்த வண்டலூர் பூங்காவின் மூலக்கதை இதுதான்.

அழகான கட்டடம் யாருக்கு?

எழும்பூரில் நாம் செல்ஃபி எடுக்கும் கட்டடங்களைக் கவனியுங்கள். ஹென்றி இர்வின் வடிவமைத்து 1896-ல் திறந்த கன்னிமாரா நூலகம் புத்தகத்துக்கு. அரைவட்ட அரங்கு நாடகத்துக்கு. இந்தோ-சாரசெனிக் பாணியில் 1909-ல் திறந்த விக்டோரியா நினைவு மண்டபம் கைவினைக்கும் கலைக்கும். மங்களூர் கரையில் 1874-ல் ஒதுங்கிய திமிங்கலத்தின் எலும்புக்கூடுதான் குழந்தைகளின் ஃபேவரிட். ஆனால், பெயர் வாங்கிய கட்டடம் எதுவும் இயற்கைக்காக எழுந்ததல்ல.

கட்டடம் சரியில்லைன்னா என்ன ஆகும்?

டெல்லியின் தேசிய இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் 1978-ல் தொடங்கியது. சொந்தக் கட்டடம் இல்லை; ஃபிக்கி கட்டடத்தில் சில தளங்கள். 2016 ஏப்ரல் 26 அதிகாலை தீ பிடித்தது, பெரும்பகுதி சாம்பல். 2018-ல் பிரேசிலின் ரியோ நகரில், பழைய அரண்மனையில் இயங்கிய தேசிய அருங்காட்சியகமும் எரிந்தது. அங்கே இருந்தவை சுமார் 2 கோடி பொருட்கள். இரண்டு கட்டடங்களும் இந்த வேலைக்கென்று கட்டப்பட்டவை அல்ல.

போனா போகட்டும், வேற சேகரிக்கலாமே?

முடியாது. ஒரு மாதிரியின் மதிப்பே 'எங்கே, எப்போது எடுத்தது' என்ற சீட்டில்தான் இருக்கு. 1967-ல் பிரிட்டனின் டெரெக் ராட்கிளிஃப், சேகரிப்புகளில் இருந்த பழைய வல்லூறு முட்டைகளைப் புதியவற்றோடு ஒப்பிட்டார். 1940-களின் இறுதியில் இருந்து ஓடு மெலிந்தது தெரிந்தது. காரணம் டிடிடி பூச்சிமருந்து. யாரோ ஆசைக்குச் சேர்த்த முட்டைகள், ஒரு விஷத்துக்கு எதிரான சாட்சியாயின. பழைய முட்டை இல்லையென்றால் மெலிவை அளக்கவே முடியாது.

குமாரலிங்கபுரத்துக்கு என்ன?

இங்கே யாரும் அரண்மனை கட்டச் சொல்லவில்லை. 'வெறும் பொட்டல்' என்று ஒதுக்கப்படும் நிலங்கள்தான் பதிவில்லாமல் முதலில் மாறிவிடுகின்றன. உடை மரத்தின் ஒரு கிளை, மழைக்குப் பிறகு ஒரு வாரம் மட்டும் தலைகாட்டும் ஒரு புல்: காகிதத்தில் அழுத்திக் காயவைத்து, ஊர்ப் பெயரும் தேதியும் எழுதினால் போதும். அது ஆவணம். இப்படிப்பட்ட தாவர மாதிரிகளைக் காக்க, கோவையில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென்மண்டல மையம் இருக்கிறது.

பக்கத்துக் கல்லூரி மாணவர்களுக்கு ஒரு மழைக்காலம் போதும். ஆனால், பொக்லைன் வந்து போன பிறகு அந்த மழைக்காலம் திரும்பி வராது.