அந்தப் படத்தை நீக்க மாட்டேன்

கொஞ்சம் நீளமான பதிவு. முழுதும் படித்துவிட்டுக் கருத்துப் போடுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு படம் போட்டிருந்தேன். நானே துரு எடுத்து, தீட்டி, பிடி மாற்றிய மூன்று சவரக்கத்திகள், ஒரு வெள்ளைத் துண்டின் மேல். அன்று மாலையே உறவில் ஒரு பிள்ளை போன் செய்தான். "பெரியப்பா, தப்பா நினைக்காதீங்க. அந்தப் படத்தை எடுத்துடுங்க. தங்கச்சிக்கு வரன் பார்த்துட்டு இருக்கோம். பார்க்கிறவங்க நம்மளை வேற மாதிரி நினைச்சுக்குவாங்க" என்றான். வேற மாதிரின்னா எந்த மாதிரி என்று கேட்டேன். பதில் இல்லை. படத்தின் கீழே என் பழைய மாணவர்கள் சிலர் "சார், சலூன் திறக்கப் போறீங்களா?" என்று சிரிப்புப் பொம்மை போட்டிருந்தார்கள். ஒருவர் "ரிட்டயர்டு ஆனப்புறம் செரைக்கிறதுன்னா இதுதானா" என்று எழுதி, பிறகு பயந்து நீக்கிவிட்டார். நான் பார்த்துவிட்டேன் தம்பி.

இதே நான் ஒரு பழைய புல்லட்டை வாங்கிப் பிரித்து மாட்டியிருந்தால் "செம சார்" என்று எழுதியிருப்பீர்கள். பாட்டி காலத்துப் பித்தளை வெற்றிலைச் செல்லத்தைப் புளி போட்டுத் துலக்கிக் கூடத்தில் வைத்தால் பாரம்பரியம். போன் செய்த பிள்ளையே சென்னையில் நண்பர்களோடு சேர்ந்து ஏசி போட்ட ஒரு சலூனில் பணம் போட்டிருக்கிறான். வரன் வீட்டாரிடம் அதை 'பிசினஸ்' என்று சொல்கிறார்கள். கத்தி பிடிக்கிற கை வேறொருவனுடையது, லாபம் மட்டும் நம்முடையது என்றால் கௌரவத்துக்குக் குறைச்சல் இல்லை. கையும் நம்முடையதாக இருந்தால்தான் வரன் நின்றுவிடும்.

இந்தப் பொழுதுபோக்கு எப்படி வந்தது என்று சொல்கிறேன். காஞ்சிபுரத்தில் ஒரு பழைய இரும்புக் கடையில் 60 ரூபாய்க்குத் துருப்பிடித்த கத்தி ஒன்று கிடைத்தது. காம்பில் 'ஷெஃபீல்டு' என்று தேய்ந்துபோன எழுத்து. ஜெர்மனியில் சோலிங்கன் எப்படியோ, இங்கிலாந்தில் ஷெஃபீல்டு அப்படிக் கத்திக்குப் பேர் போன ஊர். அதைச் சுத்தம் செய்த ருசியில், மகனிடம் சொல்லி சீனாவில் செய்த மலிவுக் கத்திகள் மூன்று வரவழைத்தேன். ஒன்று 400 ரூபாய்க்குள்தான். எஃகு மோசமில்லை, வேலைதான் அரைகுறை. முதுகு ஒரு பக்கம் தடித்து ஒரு பக்கம் மெலிந்திருக்கும். வாய் முடிந்து காம்பு தொடங்கும் இடத்தில் இருக்கிற தோள், கல்லில் முட்டிக்கொண்டு வாயைப் படியவிடாது. அந்தத் தோளைத் தேய்த்து எடுக்க வேண்டும்.

சவரக்கத்தியில் ஒரு அழகான கணக்கு இருக்கிறது. என்னிடம் படித்தவர்களுக்கு இருசமபக்க முக்கோணம் நினைவிருக்கும். முதுகின் தடிமன் 5 மி.மீ., முதுகிலிருந்து வாய் வரை 18 மி.மீ. இதைப் பத்து மடங்காக்கி சார்ட்டில் வரைந்து கோணமானி வைத்தேன். ஏறக்குறைய 16 பாகை. முதுகையும் வாயையும் சேர்த்துக் கல்லில் படுக்கவைத்துத் தேய்த்தால் அந்தக் கோணம் தானாகவே அமைந்துவிடுகிறது. முதுகே கோணமானி! இது தெரிந்திருந்தால் வகுப்பில் ஒரு கத்தியைக் காட்டியே பாடம் நடத்தியிருப்பேன்.

முதல் சீனக் கத்தியை நான் கெடுத்தேன். பட்டறைச் சக்கரத்தில் தோளைத் தேய்க்கப் போய், வாயோரம் நீலமாகிவிட்டது. எஃகைப் பழுக்கக் காய்ச்சிச் சட்டென்று குளிரவைத்துக் கடினமாக்கி, மறுபடி 200 டிகிரி அளவில் பதம் செய்துதான் கத்தி ஆக்குகிறார்கள். நீலம் தெரிந்தால் சூடு 300 டிகிரி பக்கம் போய்விட்டது, பதம் கெட்டது என்று அர்த்தம். அதன்பின் எவ்வளவு தீட்டினாலும் கூர் நிற்காது. இப்போது சக்கரத்தின் பக்கமே போவதில்லை. வாட்டர் பேப்பரும் தண்ணீரும் கையும்தான். ஒரு கத்திக்கு மூன்று நாள் ஆகிறது. பிடிக்கு, வகுப்பில் பல வருடம் என்னோடு இருந்த மர அடிக்கோலை அறுத்துப் பித்தளை ஆணி அடித்தேன். (அதனால் அடி வாங்கியவர்கள் சந்தோஷப்படலாம்.)

எல்லாம் ஆயிற்று. முகத்தில் வைத்தால் முடியை இழுக்கிறது. தாடையில் இரண்டு இடத்தில் ரத்தம். ஒரு வாரம் போராடிவிட்டு, ஊரில் ஐம்பது வருடத்துக்கு மேல் தொழில் செய்த பெரியவர் வீட்டுக்குப் போனேன். எண்பதை நெருங்குகிறார். கத்தியை வாங்கிக் கட்டைவிரல் நகத்தில் மெல்ல வைத்துப் பார்த்தார். "சார், கல்லுல அமுக்கித் தேய்க்கிறீங்க. கத்தியோட எடையே போதும்" என்றார். "கல்லுல வாய் முன்னாடி போவணும், வாருல முதுகு முன்னாடி போவணும். திருப்பும்போது முதுகு மேலயே திருப்பணும்" என்றார். பரண் மேலிருந்து அடைப்பத்தை இறக்கச் சொல்லி, கறுத்துப் பளபளத்த தோல் வாரை எடுத்து ஜன்னல் கம்பியில் மாட்டித் தீட்டிக் காட்டினார். கை நடுங்குகிற மனிதர்தான், வாரில் கத்தி போகும்போது நடுக்கம் இல்லை. போகும் சத்தமும் வரும் சத்தமும் ஒன்றுபோலவே இருந்தன. பிறகு நான் முயன்றேன். நாலாவது திருப்பத்தில் வாரை வெட்டிவிட்டேன். "பரவால்ல சார், நானும் எங்கப்பா வாரை வெட்டினவன்தான்" என்று சிரித்தார்.

அவரை நான் நாற்பது வருடமாக "வாப்பா, போப்பா" என்றுதான் கூப்பிட்டிருக்கிறேன். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். அவர் என்னை "சார்" என்பார். அவர் வீட்டுத் திண்ணையில் நான் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

இப்போது என் பாவக் கணக்கு. 33 வருடம் வாத்தியாராக இருந்தேன். வீட்டுப்பாடம் எழுதாத பையனைப் பார்த்து "படிக்கலைன்னா செரைக்கத்தான் போவணும்" என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! ஆசிரியர் பயிற்சியில் உளவியல் படித்தேன். குழந்தையின் மனம் புண்படக் கூடாது என்று தேர்வில் இரண்டு பக்கம் எழுதி மதிப்பெண்ணும் வாங்கினேன். என் வாத்தியார் என்னிடம் சொன்னதை அப்படியே என் பிள்ளைகளிடம் சொன்னேன். அந்த வகுப்பில் இரண்டாவது பெஞ்சில் இந்தப் பெரியவரின் மகன் உட்கார்ந்திருந்தான். நான் சொல்லும்போதெல்லாம் நாலு பேர் திரும்பி அவனைப் பார்ப்பார்கள். அவன் புத்தகத்தைப் பார்ப்பான். இதை நான் கவனித்தேன். கவனித்துவிட்டுப் பாடத்தைத் தொடர்ந்தேன். எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டான். நான்தான் காரணம் என்று சொல்ல மாட்டேன், வீட்டில் வறுமை இருந்தது. எனக்குச் சம்பந்தமில்லை என்றும் சொல்ல முடியவில்லை.

கொடுமையான வாக்கியம் என்பது இருக்கட்டும், அது பொய்யும்கூட. படிப்பு வராதவனுக்கு வைத்திருக்கிற வேலையாம். 33 வருடம் பாடம் நடத்தியவனுக்கு எட்டு மாதமாகியும் வார் பிடிபடவில்லை. மருத்துவர் என்ற பேர் அவர்களுக்குச் சும்மா வந்ததா? கட்டி கீறி மருந்து போட்டது அவர்கள். அவர்கள் வீட்டுப் பெண்கள்தான் ஊருக்குப் பிரசவம் பார்த்தவர்கள். நம் குடும்பத்தில் என் வயதுக்காரர்கள் பலர் பூமியில் விழுந்ததே அந்தக் கைகளில்தான். லண்டனில்கூட 1540 முதல் 1745 வரை நாவிதருக்கும் அறுவை மருத்துவருக்கும் ஒரே சங்கம்.

உத்திரமேரூர்க்காரர்கள் என்று சொல்லிக்கொள்வதில் நமக்கெல்லாம் பெருமை. வைகுண்டப் பெருமாள் கோயில் கல்வெட்டு, முதலாம் பராந்தகன், கி.பி. 919, 921, குடவோலை முறை என்று உங்களை மனப்பாடம் செய்யவைத்தவன் நான். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று முழுதாகச் சொல்லித் தரவில்லை. ஓலையில் பேர் எழுத வரி கட்டும் நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வேதம் கற்றிருக்க வேண்டும். கத்தி பிடித்தவன் பேர் அந்தக் குடத்தில் விழ வழியே இல்லை. ஆயிரத்து நூறு வருடம் ஓடிவிட்டது. இன்று நம் குடும்ப வாட்ஸப் குழுவில் கத்தியின் படம்கூட விழக் கூடாது என்கிறீர்கள்.

சுத்தத்தைப் பற்றிக் கேட்டவர்களுக்கு மட்டும் தலைவணங்குகிறேன். 1986இல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமன் குழுவினர் எச்.ஐ.வி.யைக் கண்டறிந்தார்கள். அதன்பின் கடைகளில் ஆளுக்கொரு புது பிளேடு என்ற பழக்கம் வந்தது நல்லதுதான். என் கத்தி என் முகத்துக்கு மட்டும். யாருக்கும் இரவல் தர மாட்டேன், பேரன் கைக்கு எட்டாமல் பூட்டி வைக்கிறேன்.

பெரியவரின் மகன் இப்போது செங்கல்பட்டில் கடை வைத்திருக்கிறான். முந்தாநாள் போன் செய்து, வகுப்பில் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்டேன். "அதெல்லாம் எப்பவோ சார்" என்றான். கொஞ்ச நேரம் இருவருமே பேசவில்லை. நாலு பேர் முன்னால் சொன்னதை நாலு பேர் முன்னால் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும், எழுதட்டுமா என்று கேட்டேன். "எழுதுங்க சார். பேர் மட்டும் வேணாம், என் பொண்ணு காலேஜ் படிக்குது" என்றான்.

படம் இருந்த இடத்திலேயே இருக்கும். மூன்றாவது கத்தியைப் பெரிதாக்கிப் பாருங்கள், அடிக்கோலின் 7, 8 என்ற எண்கள் பிடியில் இன்னும் தெரிகின்றன. வரன் வீட்டார் கேட்டால் என் நம்பரைக் கொடுடா தம்பி, நான் பேசிக்கொள்கிறேன்.