ரிவரில் ஐநூறு ரூபாயும் ஒரு வகுத்தல் கணக்கும்

"ரிவர்ல சின்னதா பெட் போட்டா அது பொறி மச்சி. சீட்டைத் தூக்கிப் போட்டுட்டுப் போயிட்டே இரு."

போக்கர் ஆடுற நம்மாளுங்க நாலு பேர் சேர்ந்தா இந்த வசனம் வராம இருக்காது. சொல்றவர் குரல்ல ஏதோ முப்பது வருஷமா லாஸ் வேகாஸ்ல குப்பை கொட்டின கம்பீரம் இருக்கும். சுத்தி உக்காந்திருக்கவங்களும் "ஆமாம்ல" அப்படின்னு தலையாட்டுவாங்க. அந்த வசனத்தைப் போட்டுத் தாக்கத்தான் இந்தப் பதிவு.

போக்கர் தெரியாத மக்களுக்கு ஒரு நிமிஷம். கையில ரெண்டு சீட்டு, நடுவுல எல்லாருக்கும் பொதுவா அஞ்சு சீட்டு. முதல் மூணுக்கு ஃப்ளாப், நாலாவதுக்கு டர்ன், அஞ்சாவதுக்கு ரிவர்னு பேரு. ரிவர் விழுந்தப்புறம் புதுச் சீட்டு கிடையாது. கடைசியா ஒரு ரவுண்டு பந்தயம், அதோட சீட்டைத் திருப்பிக் காட்ட வேண்டியதுதான். நடுவுல சேர்ந்திருக்குற பணம்தான் பாட்.

இப்ப பாட்ல 6000 ரூபாய் கிடக்குது. எதிராளி ரிவர்ல வெறும் 500 வைக்கிறார். உங்க கையில சுமாரான ஒரு ஜோடி. என்ன செய்வீங்க?

நீங்க 500 போட்டா மொத்தம் 7000. அதாவது 14 தடவைக்கு ஒரு தடவை ஜெயிச்சாலே முதலுக்கு மோசமில்லை. 13 தடவை 500 போனா 6500 நஷ்டம், ஒரு தடவை ஜெயிச்சா 6500 லாபம். கணக்கு நேர். அதே ஆள் 3000 வெச்சிருந்தா நாலுல ஒரு தடவை ஜெயிக்கணும். 6000 வெச்சிருந்தா மூணுல ஒண்ணு.

இப்ப பொறி வசனத்துக்கு வருவோம். அண்ணன் சொல்றது உண்மைன்னே வெச்சுக்குவோம். பத்துக்கு ஒன்பது தடவை அது பொறிதான், பெரிய கைதான். சரி, மிச்சம் ஒரு தடவை? பத்துல ஒண்ணு, 14ல ஒண்ணை விடப் பெருசு. ஆக அண்ணன் சொல்றது பத்துக்கு ஒன்பது சரியா இருந்தாலும் சீட்டைத் தூக்கிப் போடுறது நஷ்டம்தான்!

அதுவும் சின்ன ஸ்டேக் மேஜைல ஒன்பது தடவை பொறியா இருக்கும்னு எனக்கு நம்பிக்கை இல்லை. அங்க பெரிய கை விழுந்தவர் பெரும்பாலும் பெருசாத்தான் கேப்பார், காத்திருந்து காத்திருந்து வந்த கையாச்சே. 500 வைக்கிறவர் யாருன்னா, பெரும்பாலும் ஒரே ஒரு ஜோடியை வெச்சுக்கிட்டு "நான் செக் பண்ணா இவன் 3000 கேட்டுருவானோ"ன்னு பயந்து, விலையைத் தானே குறைச்சு எழுதிக்கிறவர்.

அடுத்த கோஷ்டி இதுக்கு நேர் எதிர். "சின்ன பெட்னா பயம். பயந்தவனை அடிச்சுத் தூக்கு!" கையில ஒண்ணுமே இல்லாம 4000க்கு ஏத்துவாங்க. சினிமா நிறைய பாத்த கோஷ்டி. 6500ஐப் பிடிக்க 4000 வைக்கிறீங்க. நூத்துக்கு 38 தடவைக்கு மேல எதிராளி சீட்டைப் போட்டாத்தான் இது லாபம். ஃப்ளைட் பிடிச்சு, ஓட்டல் எடுத்து, கோவாவுல மாண்டோவி ஆத்துல மிதக்குற கப்பலுக்கு வந்து உக்காந்த மனுஷன் கையில ஒரு ஜோடியை வெச்சுக்கிட்டுப் போடுவாரா? "பாத்துருவோமே"ன்னு சில்லை நகர்த்துவார். நீங்க வேடிக்கை பாக்கலாம்.

அப்ப எப்பதான் ஏத்துறது? நிஜமாவே நல்ல கை இருக்கும்போது. ரெண்டு ஜோடி, மூணு ஒரே மாதிரி சீட்டு இருக்கும்போது 500ஐ மட்டும் போட்டு சந்தோஷப்படுறவங்கதான் அதிகம். அதே "பாத்துருவோமே" ஆசாமி 2000 கேட்டாலும் தருவாரே, ஏன் கேக்க மாட்டேங்கறீங்க? கேட்டு, அவர் திரும்ப ஏத்தினா மட்டும் நம்பிடுங்க. சின்ன மேஜைல அந்த இடத்துல பொய் சொல்றவங்க ரொம்பக் கம்மி.

"ஐநூறு தானே, போனாப் போகுது"ன்னு எல்லாத்துக்கும் போடுறதும் வியாதிதான். உங்க கை எதிராளியோட பொய்யைக்கூட ஜெயிக்காதுன்னா 500 என்ன, 50கூட தண்டம். உங்களுக்குப் பின்னாடி ஆட இன்னொருத்தர் காத்திருந்தாலும் யோசிக்கணும். அவர் ஏத்தினா உங்க 500 அம்பேல்.

எனக்கு வேடிக்கையா இருக்குற விஷயம், இந்தக் கணக்கு நம்ம ஊருக்குப் புதுசே இல்ல. எங்க செய்யூர்ப் பக்கம் மழைக்காலத்துல உப்பளத்துல வேலை இருக்காது, ரம்மி ஓடும். 101 ஆட்டத்துல முதல் ஸ்கூட் 20, மிடில் ஸ்கூட் 40, முழுக் கவுண்ட் 80. ஜோக்கரும் இல்ல, சேர்ற வழியும் இல்லன்னா "இருந்து 80 வாங்குறதுக்கு 20 குடுத்துடலாம்"னு பள்ளிக்கூடம் தாண்டாத பெருசுகூட அரை நொடில சொல்லிடும். எதிராளி மூஞ்சியைப் பாத்து முடிவு பண்ணாது, விலையைப் பாத்துத்தான் பண்ணும். போக்கர் மேஜைல உக்காந்ததும் நம்ம இஞ்சினீயர்களுக்கு மட்டும் வகுத்தல் மறந்து மூஞ்சி ஜோசியம் வந்துடுது :-)

இதுல ஏன் இவ்ளோ சூடுன்னா, "இது திறமை ஆட்டம்"னு ஊர் பூரா வாதாடுறோம். சீட்டு விழுறதை ஞாபகம் வெச்சு ஆடணும், அதனால ரம்மி திறமை ஆட்டம்னு உச்ச நீதிமன்றம் 1967ல சொல்லுச்சு. ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட ஆட்டப் பட்டியல்ல தமிழ்நாட்டுச் சட்டம் சேர்த்தது செல்லாதுன்னு 2023 நவம்பர்ல சென்னை உயர் நீதிமன்றம் சொல்லுச்சு. 2025 ஆகஸ்ட்ல நாடாளுமன்றம், திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் வெச்ச ஆன்லைன் ஆட்டம் எதுவும் கூடாதுன்னு சட்டம் போட்டப்போ நம்ம கோஷ்டி குதிச்ச குதி கொஞ்சமா? கோர்ட்ல திறமைன்னு சொல்லிட்டு, 14க்கு ஒண்ணு விலையை "உள்மனசு சொல்லுது"ன்னு தூக்கிப் போட்டா, நீங்க ஆடுறது மங்காத்தா. உள்ளேயா வெளியேயான்னு கேட்டுட்டுப் போகலாம், எதுக்கு அஞ்சு சீட்டு?

அடுத்த தடவை யாராவது ரிவர்ல ஐநூறை நகர்த்தினா, பாட்ல எவ்வளவு கிடக்குதுன்னு முதல்ல எண்ணுங்க. மூஞ்சியை அப்புறம் பாத்துக்கலாம்.

டிஸ்கி: கணக்கு சரியாப் போட்டாலும் ஒவ்வொரு பாட்லயும் கப்பல்காரன் தன் பங்கை எடுத்துக்குவான், அதை மறக்காதீங்க. கடன் வாங்கி ஆடுறவங்களுக்கு இந்தப் பதிவுல ஒரு வரிகூட இல்ல, தயவுசெய்து வீட்டுக்குப் போங்க. பொறி கோஷ்டி அண்ணன்கள் பின்னூட்டத்துல கும்மலாம், ஆட்டோ மட்டும் அனுப்ப வேணாம்.