கேட்காத பட்டனுக்கு நாம் ஏன் இடம் கொடுக்க வேண்டும்?



மகளின் படிப்புக்குப் புது லெப்டொப் வாங்கிய சகோதரர் ஒருவர் கேட்டார்: "சேர், வலது பக்கக் கொன்ட்ரோல் பட்டனக் காணல்ல. அந்த இடத்துல வேற ஒண்டு இருக்கு. கழட்டி எறியலாமா?"

கழட்ட வேண்டாம் என்றேன். ஆனால் அவர் கோபம் நியாயமானது.

அது கொபைலட் பட்டன். 2024 ஜனவரியில் மைக்ரோசொப்ட் அறிவித்தது. பல லெப்டொப்களில் வலது கொன்ட்ரோல் அல்லது மெனு பட்டன் இருந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. தெரியாமல் விரல் பட்டாலும் செயற்கை நுண்ணறிவுச் செயலி திறக்கும்.

"ஒரு பட்டன்தானே" என்பவர்களுக்குச் சொல்கிறேன். இடது கை இயலாத ஒருவர் வலது கையால் மட்டும் பிரின்ட் கொடுக்க, ஃபைல் திறக்க அந்த வலது கொன்ட்ரோல்தான் துணை. பார்வையற்றவர் பலருக்கு மவுஸின் வலது கிளிக் என்பதே மெனு பட்டன்தான். உங்களுக்கு அது ஒரு பட்டன். அவர்களுக்கு அது கை.

"பிள்ளைகள் ஏஐ படிக்க வேண்டாமா?" தாராளமாகப் படிக்கட்டும். நானும் பாவிக்கிறேன். தேவையானவர் திரையில் இருந்தே திறக்கலாம். வியாபாரம் முடிந்தால் பொருள் வாங்கியவனுக்குச் சொந்தம். இது மத்ரஸாப் பிள்ளைக்கும் தெரியும். நம் வாசலில் செருப்பு வைக்கும் இடத்தில் கடைக்காரர் தன் விளம்பரப் பலகையை நட்டால் சும்மா இருப்போமா?

சரி, என்ன செய்யலாம்?

விண்டோஸ் 11 செட்டிங்ஸில் 'பேர்சனலைசேஷன்', பிறகு 'டெக்ஸ்ட் இன்புட்' போங்கள். அந்தப் பட்டன் எதைத் திறக்க வேண்டும் என்று அங்கே மாற்றலாம். நான் பார்த்த கணினிகளில் பழைய கொன்ட்ரோலை அங்கே திருப்பி எடுக்க முடியவில்லை. அதற்கு மைக்ரோசொப்டின் இலவச 'பவர்டோய்ஸ்' வேண்டும். அதில் 'கீபோர்ட் மனேஜர்' திறந்து, ஷோர்ட்கட் மாற்றும் பகுதிக்குப் போங்கள். அந்தப் பட்டன் உண்மையில் விண்டோஸ், ஷிஃப்ட், எஃப்23 ஆகிய மூன்றையும் ஒன்றாக அழுத்தும் வேலையைத்தான் செய்கிறது. அதை வலது கொன்ட்ரோலாக மாற்றிவிடுங்கள். பவர்டோய்ஸ் பின்னணியில் ஓடிக்கொண்டிருக்க வேண்டும்.

எடுத்ததும் அவர்களே, திருப்பித் தரும் மருந்தும் அவர்களிடமே, அதையும் நாமே தேடிப் போட வேண்டும். இதைத்தான் பிழை என்கிறேன்.

இனி லெப்டொப் வாங்கும்போது விலையை மட்டும் பார்க்காமல் கீபோர்டையும் பாருங்கள். பிடிக்காவிட்டால் கடையில் வாய் திறந்து சொல்லுங்கள். மாற்றத் தெரியாதவர்கள் இஷாவுக்குப் பிறகு லெப்டொப்பைக் கொண்டு வாருங்கள், இன்ஷா அல்லாஹ் செய்து தருகிறேன்.