"எனக்கு பென்சிலின் சேராது சார்" - ஒரு இழை

1/ பெரம்பலூர், அரியலூர் பக்கம் ஓ.பி.ல உட்கார்ந்தா இதை அடிக்கடி கேட்கலாம். நான் திருப்பிக் கேட்கிறது ஒண்ணுதான்: "அப்போ என்ன ஆச்சு?"

2/ "சின்ன வயசுல மாத்திரை போட்டு வயித்தால போச்சு." "எனக்குத் தெரியல, அம்மா சொல்லும்." பலரோட பதில் இதுதான். வெறும் வயிற்றுப்போக்கும் குமட்டலும் பக்கவிளைவு, அலர்ஜி இல்லை.

3/ இப்படிச் சொல்றவங்களை முறையா பரிசோதிச்சா, 10 பேர்ல 9 பேருக்கு பெனிசிலின் ஒத்துக்குதுன்னு ஆய்வுகள் சொல்லுது. நிஜமாவே அலர்ஜி இருந்தவங்களுக்கும் 10 வருஷத்துல சுமார் 80% பேருக்கு அது போயிடுது.

4/ "எதுக்கு வம்பு, வேற மருந்து குடுங்க"ன்னு கேட்பீங்க. அசித்ரோமைசின், டாக்ஸிசைக்ளின், சிப்ரோஃப்ளாக்சசின் இதெல்லாம் வேற குடும்பம், கொடுக்கலாம். ஆனா மாற்று மருந்துன்னா ஆபத்தே இல்லாத மருந்துன்னு அர்த்தமில்ல. அசித்ரோமைசின் சிலருக்கு இதயத்துடிப்பைக் குழப்பும். சிப்ரோ வயசானவங்களுக்கு குதிகால் தசைநாணைப் பாதிக்கலாம். டாக்ஸியை கர்ப்பிணிகளுக்குத் தவிர்ப்போம்.

5/ சில நோய்க்கு சரியான மாற்றே கிடையாது. கர்ப்பிணிக்கு சிபிலிஸ்னா, வயித்துல இருக்கிற குழந்தையையும் காப்பாத்த பெனிசிலின்தான். அலர்ஜி உறுதியானாலும், ஆஸ்பத்திரியில வச்சு கொஞ்சம் கொஞ்சமா கொடுத்து, உடம்பைப் பழக்கிட்டுத்தான் போடுவோம்.

6/ செஃபலோஸ்போரின் மருந்துகள்? 10% பேருக்கு ஒத்துக்காதுன்றது பழைய கணக்கு. இப்போ சுமார் 2%தான்னு தெரியுது. அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு கேட்டுட்டு டாக்டர் முடிவு பண்ணுவார். நீங்களா மெடிக்கல்ல வாங்காதீங்க.

7/ ஆனா மருந்து போட்ட ஒரு மணி நேரத்துக்குள்ள உடம்பெல்லாம் தடிப்பு, உதடு வீக்கம், மூச்சுத்திணறல், மயக்கம் வந்திருந்தா, இல்ல பின்னாடி தோல் கொப்பளிச்சு உரிஞ்சிருந்தா, அது ஆபத்தான அலர்ஜி. அமாக்சிசிலின், ஆம்பிசிலின், ஆக்மென்டின் எல்லாமே பெனிசிலின்தான். தொடாதீங்க.

8/ "பென்சிலின் சேராது"ன்னு சொல்ற சிலரே, சளிக்கு அமாக்சிசிலின் வாங்கிப் போட்டிருப்பாங்க, ஒண்ணும் ஆகியிருக்காது. அதையும் டாக்டர்கிட்ட சொல்லுங்க. எங்களுக்கு அது பெரிய துப்பு.

9/ தப்பு எங்க பக்கமும் இருக்கு. சீட்டுல "பெனிசிலின் அலர்ஜி"ன்னு ரெண்டே வார்த்தை எழுதிட்டு விட்டுடறோம். அது ஆயுசுக்கும் கூடவே வருது. எந்த மருந்து, எந்த வருஷம், எவ்வளவு நேரத்துல, என்ன ஆச்சு. இந்த நாலையும் எழுதணும். எழுதலைன்னா கேட்டு வாங்குங்க.

10/ வீட்ல போட்டுப் பார்த்து சோதிக்காதீங்க. அதுக்கு அட்ரினலின் ஊசியோட டாக்டர் பக்கத்துல இருக்கணும். மருந்து போட்டு மூச்சு முட்டினா, யோசிக்காம 108.