குளியலறையைப் பூசுவோம், கடமையைப் பூசி மெழுக விடோம்!

தோட்டத் தொழிலாளியின் வீட்டில் யாரும் எண்ணிப் பார்க்காத இடம் ஒன்று உண்டு. அதுதான் குளியலறை. ஐந்தடிக்கு ஐந்தடி இருந்தாலே பெரிது. கறுத்த சுவர், பாசி பிடித்த தரை, மூலையில் ஒரு சிமெண்டுத் தொட்டி, தாழ்ப்பாள் கழன்ற கதவு. விடியுமுன் மரம் வெட்டப் புறப்படுகிறவரும், பால் வாடையோடு வீடு திரும்புகிறவரும், பள்ளிக்குப் போகும் பிள்ளையும், கால் தள்ளாடும் பாட்டியும் அங்கேதான் குளித்தாக வேண்டும். கையில் காசில்லை என்பதற்காக அந்த இடத்தை அப்படியே விட்டு வைக்கலாகாது.

இவ்விஷயத்தில் நம்மவரிடையே இரண்டு கட்சிகள் உண்டு. "வீடு கம்பெனியுடையது, நாம் ஏன் கை வைக்க வேண்டும்?" என்பது ஒரு கட்சி. "கேட்டுக் கேட்டு வாய் வலித்ததுதான் மிச்சம், நம் காசைப் போட்டு நாமே எல்லாவற்றையும் செய்துகொள்வோம்" என்பது மற்றொரு கட்சி. இரண்டும் சரியல்ல. முதற்கட்சியார் தம் பிள்ளைகளை அழுக்கில் குளிக்க வைக்கின்றனர். இரண்டாங் கட்சியாரோ, நிர்வாகம் செலவிட வேண்டிய பணத்தைத் தம் சம்பளத்திலிருந்து எடுத்துக் கொடுக்கின்றனர். துப்புரவு நம் வேலை. பழுது நிர்வாகத்தின் வேலை. இந்தக் கோடு தெளிவாக இருந்தால் வீடும் துலங்கும், உரிமையும் நிலைக்கும்.

முதலில் நம் வேலையைப் பார்ப்போம். சுவர் கறுப்பதற்குக் காரணம் ஈரம். பல வீடுகளில் காற்றுப் போகும் துவாரங்களை அட்டையாலும் சாக்காலும் அடைத்து வைத்திருக்கிறோம். அவற்றை எடுத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. இதற்கு ஒரு காசும் செலவில்லை. மறைவு வேண்டுமென்றால் துவாரத்தை அடைக்காமல், கொஞ்சம் தள்ளித் துணியைத் தொங்க விடலாம்.

அடுத்தது தேய்ப்பு. பாசியை முதலில் தென்னை நாரும் சோப்புத் தண்ணீரும் கொண்டு தேய்த்தெடுக்க வேண்டும். பிறகு கடையில் குளோராக்ஸ் என்று கேட்டு வாங்கும் வெளுப்பு மருந்து ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து பூசி, பத்து நிமிடம் விட்டு, நன்றாகக் கழுவிவிட வேண்டும். கதவு திறந்தே இருக்கட்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. பால் உறைய வைக்கும் ஆசிட்டையும், பால் கெடாமலிருக்க ஊற்றும் அமோனியாவையும் கொஞ்சம் போத்தலில் கொண்டுவந்து தரை கழுவும் பழக்கம் எங்கேனும் இருந்தால் அதை இன்றே விட்டுவிட வேண்டும். வெளுப்பு மருந்தோடு ஆசிட் சேர்ந்தால் குளோரின் என்னும் நச்சுக் காற்று கிளம்பும். அமோனியா சேர்ந்தாலும் நச்சுக் காற்றுதான். ஐந்தடி அறைக்குள் அதைச் சுவாசித்தால் நெஞ்சு எரிந்து மூச்சு முட்டும்; உயிருக்கே ஆபத்தாகவும் முடியலாம். ஆசிட் தனியாகவும் நல்லதல்ல. அது சிமெண்டுத் தரையை அரித்துச் சொரசொரப்பாக்கும்; அந்தக் குழிகளில் பாசி முன்னைவிட அதிகமாய்ப் பிடிக்கும்.

சுவர் காய்ந்தபின் சுண்ணாம்பு அடிக்கலாம். சாயம் வாங்குவதைவிட இது மலிவு. சுண்ணாம்பின் காரம் பூஞ்சையையும் அண்ட விடாது. நீற்றிய சுண்ணாம்பை முதல்நாள் இரவே ஊற வைத்து, ஒரு கைப்பிடி உப்பும் சிறிது நீலமும் சேர்த்து வடிகட்ட வேண்டும். சுவரைத் தண்ணீர் தெளித்து நனைத்துக்கொண்டு, மெல்லியதாக இரண்டு மூன்று தடவை அடிக்க வேண்டும். கண்ணில் தெறிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். பழைய சாயத்தின்மேல் சுண்ணாம்பு ஒட்டாது. சுரண்டிவிட்டுத்தான் அடிக்க வேண்டும். மரங்களுக்கு உரமாகப் போடும் சுண்ணாம்புக்கல் தூள் வேறு, இது வேறு. அந்தத் தூளைக் கரைத்துப் பூசினால் காய்ந்ததும் உதிர்ந்துவிடும்.

சோப்பு வைக்கப் பலகை அடிப்பவர்கள் ரப்பர் மரத் துண்டைப் பயன்படுத்த வேண்டாம். மருந்தேற்றாத ரப்பர் பலகையை ஈரத்தில் பூஞ்சையும் பூச்சியும் விரைவில் தின்றுவிடும். அகன்ற பிளாஸ்டிக் போத்தலைப் பாதியாய் வெட்டி, அடியில் துளையிட்டு ஆணியில் மாட்டினால் போதும்.

தண்ணீர்த் தொட்டியை வாரம் ஒருமுறை வற்றவிட்டுத் தேய்க்க வேண்டும். தண்ணீரை மாற்றினால் மட்டும் போதாது. டிங்கிக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு, நீர்மட்டத்துக்குச் சற்று மேலே சுவரில் முட்டையை ஒட்டி வைக்கிறது. காய்ந்து கிடந்தாலும் மாதக்கணக்கில் அது சாகாது. மறுபடி தண்ணீர் பட்டால் பொரிந்து, ஏறக்குறைய ஒரு வாரம் பத்து நாளில் கொசுவாகிவிடும். ஆகவே தேய்க்க வேண்டியது தொட்டியின் சுவரையே.

இவ்வளவும் நம் கைவேலை. இனி நிர்வாகத்தின் பங்குக்கு வருவோம். ஒழுகும் கூரை, உடைந்த குழாய், அடைத்துக்கொண்ட சாக்கடை, உளுத்த கதவு, வெடித்துப் பள்ளமான தரை ஆகியவை துப்புரவில் சேரா, இவை பழுது. தொழிலாளர் வீட்டு வசதிக்குக் குறைந்த அளவு தரம் வகுத்து 1966-ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்தது. அதற்குப் பதிலாக 1990-ஆம் ஆண்டில் வந்த 446-ஆவது சட்டம், 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தோடு இன்று நடப்பில் இருக்கிறது. போதிய குழாய்த் தண்ணீரை இலவசமாகத் தருவதும், கட்டடத்தை நல்ல நிலையில் வைத்திருப்பதும் முதலாளியின் கடமை என்று அச்சட்டம் கூறுகிறது. இது சலுகையன்று, சட்டம்! பழைய வீடுகளின் கூரைத் தகட்டில் கல்நார் கலந்திருக்கக்கூடும். அதை நாமே அறுப்பதும் சுரண்டுவதும் நுரையீரலுக்குக் கேடு.

கிராணி என்றால் மானேஜர் பக்கம் என்று எண்ணுவோர் உண்டு. நான் ஆபீசில் உட்கார்ந்திருப்பதால் ஒன்றை அறிவேன். வாயால் சொன்ன புகார் ஆபீஸ் வாசலைத் தாண்டுவதில்லை. "குளியலறை மோசம்" என்று எழுதிய கடிதமும் கோப்புக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும். இன்ன எண் வீடு, இன்ன தேதியிலிருந்து குழாய் ஒழுகுகிறது, கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை, வயது வந்த பெண் பிள்ளைகள் இருவர் உள்ளனர் என்று எழுதிப் படமும் சேர்த்து, நகலைக் கையில் வைத்துக்கொண்டு, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்தும் வாங்கிய கடிதத்தை அவ்வளவு எளிதில் ஒதுக்க முடியாது. பதில் இல்லையேல் அதே நகல் சங்கக் கிளைக்கும் தொழிலாளர் இலாகாவுக்கும் போகலாம்.

தாழ்ப்பாளுக்காகப் பெண்கள் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டுமா என்று கேட்பீர்கள். வேண்டாம். சில வெள்ளிக்கு ஒரு தாழ்ப்பாள் வாங்கி இன்றே மாட்டுங்கள். ஆனால் கடை ரசீதைக் கடிதத்தோடு இணைத்து அனுப்புங்கள். பணம் திரும்ப வருகிறதோ இல்லையோ, அது யாருடைய கடன் என்பது ஏட்டில் ஏறிவிடும்.

ஒவ்வொரு கிளையும் ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்கட்டும். காலையில் வரிசை வரிசையாகச் சேர்ந்து சுண்ணாம்பு அடிப்போம். முதியவரும் தனித்து வாழும் தாய்மாரும் இருக்கும் வீடுகளை முதலில் முடிப்போம். மாலையில் அதே வரிசையில் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு போய், வீட்டுக்கு வீடு பழுதைக் குறிப்போம். திங்கட்கிழமை எல்லார் கையெழுத்தோடும் ஒரே கடிதமாக அது மானேஜர் மேசைக்குப் போகட்டும். தன் வீட்டைத் துலக்கி வைத்திருக்கும் தொழிலாளி கேட்கும்போது, "நீங்கள் சுத்தமாக வைத்துக்கொள்வதில்லை" என்ற பழைய சாக்கு எடுபடாது!